மினிட்ஸில் கையெழுத்துப் போட மட்டும்தான் நானா?

திருப்பூர் பக்கம் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருக்கும் 34 வயதுப் பெண் எழுதிய கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அந்தக் கம்பெனியில் 640 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 480 பேர் பெண்கள். இவர் பத்து வருடமாக அங்கே இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டு, "இனிமே நீங்கதாம்மா தொழிலாளர் கமிட்டி மெம்பர்" என்றாராம். யாரும் ஓட்டுப் போடவில்லை, கூட்டமும் நடந்ததில்லை. பையரின் (துணி வாங்கும் கம்பெனியின்) ஆடிட்டுக்கு முந்தின நாள் மினிட்ஸ் என்ற கூட்டக் குறிப்புப் புத்தகம் வரும், மூன்று மாதக் கூட்டங்களுக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். குடிநீர் திருப்தி, கழிப்பறை திருப்தி என்று அதில் எழுதியிருக்கும். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்பதோ, லைன் சூப்பர்வைசர் ஒருவர் பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுவதோ அதில் இருக்காது.

ஆறு மாதமாக ஒரு தொழிற்சங்கம் உள்ளே ஆள் சேர்க்கிறது. சேர்ந்திருக்கும் 90 பேரில் 20 பேர்தான் பெண்கள். நிர்வாகிகள் அத்தனை பேரும் ஆண்கள். கூட்டம் ஞாயிறு இரவு ஏழு மணிக்கு, டவுனில், சங்க அலுவலக மாடியில். இவரை 'மகளிர் அணிச் செயலாளர்' ஆகச் சொல்கிறார்கள். அது காதில் விழுந்ததும் எச்.ஆர். கூப்பிட்டு, "கமிட்டியில இருக்கிறவங்க சங்கத்துல சேரக் கூடாது, சட்டமே அப்படித்தான்" என்று சொல்லி ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். பெயின்டர் வேலை செய்யும் வீட்டுக்காரர், "சங்கம் வந்தா கம்பெனிய மூடிப்போட்டுப் போயிருவான்" என்கிறார்.

நான் சங்கத்தில் சேரலாமா, சேர்ந்தால் வேலை போகுமா, பெண்களே தனியாக ஒரு சங்கம் தொடங்கினால் என்ன, ஒருநாள் எல்லாரும் லீவு போட்டால் டோக்கன் முறை நிற்காதா என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "பேசறதுக்குன்னு என்னை உட்கார வச்சாங்க மேடம். இதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் அந்த வெற்றுத்தாள் விஷயத்தைப் பேசிவிடலாம். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது. அதில் நாளைக்கு 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்' என்று எழுதிக்கொள்ள முடியும். அப்படிப்பட்ட ராஜினாமாக் கடிதங்களை வழக்குகளில் பார்த்திருக்கிறேன். கையெழுத்து தாளின் நடுவில் இருக்கும். அதற்கு மேலே இருக்கிற இடத்துக்குள் அடக்குவதற்காக எழுத்துகள் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வரும்.

ஆகவே இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு வரி போதும். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த அறையில், இன்னார் என்னிடம் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்; நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை; அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டாலும் அது என் வார்த்தை ஆகாது. இதைக் கம்பெனி நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒரு நகலை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ரசீதை போனில் படம் எடுத்து உங்கள் தங்கைக்கோ தோழிக்கோ அனுப்பிவையுங்கள். இதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கமிட்டி வேறு, சங்கம் வேறு

எச்.ஆர். சொன்னது தவறு. கமிட்டியில் இருப்பவர் சங்கத்தில் சேரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது. சேராதே என்று மிரட்டுவதும், சேர்ந்ததற்காகத் தண்டிப்பதும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழிற்சங்கச் சட்டம், தொழில் தகராறு சட்டம் இரண்டின் இடத்திலும் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு இருக்கிறது. அதில் உங்களுக்குப் பாதகமானவை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் குறைதீர்க்கும் குழு பற்றிய பகுதியை ஒவ்வொரு பெண் தொழிலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு கட்டாயம். அதிகபட்சம் பத்துப் பேர். நிர்வாகம் பாதி, தொழிலாளர் பாதி. பெண்களின் இடம், மொத்தத் தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை பங்கோ அதற்குக் குறையக் கூடாது. உங்கள் கம்பெனியில் நாலில் மூன்று பேர் பெண்கள். அப்படியானால் தொழிலாளர் பக்கத்து ஐந்து இடங்களில் குறைந்தது நான்கு பெண்களுடையது. தலைவர் பதவி ஒரு வருடம் நிர்வாகத்துக்கு, ஒரு வருடம் தொழிலாளர்களுக்கு என்று மாறி மாறி வர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. தொழிலாளர் பக்கத்து உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதிக்காவிட்டால் குழுவின் முடிவு முடிவாகவே கருதப்படாது. உங்கள் கமிட்டி இந்தக் குழுதான் என்றால், நீங்கள் படிக்காமல் போட்டுக்கொடுத்த கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

குறை ஏற்பட்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். 30 நாளில் விசாரணை முடிய வேண்டும். தீரவில்லையா, 60 நாளுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். அதை, மனுதாரர் உறுப்பினராக இருக்கும் தொழிற்சங்கத்தின் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். கமிட்டியில் தீராததைச் சங்கம் எடுத்துச் செல்லும் என்பதுதான் ஏற்பாடு. ஆகவே கமிட்டியில் இருக்கும் உங்களுக்குச் சங்கம் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

கமிட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் நடக்காத கூட்டத்துக்கு இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயப்படுத்தினால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'இந்தத் தேதியில் கூட்டம் நடக்கவில்லை' என்று எழுதுங்கள். அவ்வளவுதான். உங்களைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்தால் எடுக்கட்டும், எல்லாரும் தேர்ந்தெடுக்கும் கமிட்டி வேண்டும் என்று கேட்க அதுவே காரணம் ஆகிவிடும்.

"ஆடிட்டில் பாஸ் ஆகாவிட்டால் நமக்குத்தானே நஷ்டம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். பணியிடத் தரம் நன்றாக இருக்கிறது என்று அதற்குச் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆடிட்டர் ஒரு நாள் வந்து போகிறவர். அவர் பார்ப்பது காகிதத்தை. அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்பதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த சூப்பர்வைசர் விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள். அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாக உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். கையால் தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆபாசமாகப் பேசுவதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். விசாரணை முடிய 90 நாள். புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவுக்குப் போகலாம். சங்கத்து அண்ணன்கள், "நாங்க பேசி முடிச்சுத் தர்றோம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் வாய்ச்சமரசம் வேண்டாம். எழுத்தில் புகார், எழுத்தில் முடிவு.

மகளிர் அணிச் செயலாளர் பதவி

சங்கத்தில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பதவியை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

திருப்பூர்ச் சங்கங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அந்தக் காலத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வேலை முடிந்து டீக்கடை, அங்கிருந்து சங்க ஆபீஸ், இரவு பத்து மணிக்கு வீடு என்று அவர்களுக்கு வசதியாக அமைந்த சங்கம்தான் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் ஏற்றுமதி பெருகி, மிஷின்களில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கக் கூட்டம் நடக்கும் நேரமும் இடமும் மட்டும் மாறவில்லை. பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், "அவங்களுக்கு ஆர்வம் இல்லீங்க" என்கிறார்கள்.

ஆர்வம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 ஏப்ரலில் பெங்களூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்த கார்மென்ட்ஸ் பெண்கள் ஆலைகளிலிருந்து இறங்கி ஓசூர் சாலைக்கு வந்துவிட்டார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. பெரிய சங்கங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்தப் போராட்டத்தில் தடியடியும் கைதும் வழக்கும் இருந்தன. பின்னால் கோர்ட்டுக்கு அலைந்தபோது அவர்கள் பக்கத்தில் அமைப்பாக நிற்க ஆள் குறைவு. கோபம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கிற சங்கத்தில்தான் அவர்களுக்கு இடமில்லை.

மகளிர் அணி என்பது கெட்ட ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதவிக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு உண்டா, கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் இடம் உண்டா, சந்தாப் பணத்தில் பங்கு உண்டா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், எச்.ஆர். கொடுத்த கமிட்டிப் பதவிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மே தினத்தன்று ஊர்வலத்தின் முன்வரிசையில் கொடி பிடிப்பீர்கள், அவ்வளவுதான்.

அதனால் போகும்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டே போங்கள். செயலாளர், பொருளாளர் இரண்டில் ஒன்று பெண்ணுக்கு வேண்டும். என்னைக் கேட்டால் பொருளாளர் பதவியைக் கேளுங்கள் என்பேன், பணக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. நிர்வாகத்தோடு பேசப் போகும் குழுவில் பாதிப் பேர் பெண்கள். கூட்டம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, பெண்கள் குடியிருக்கும் பகுதியிலேயே, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல், குழந்தையோடு வரலாம் என்ற நிலையில். சங்க நிர்வாகத்தில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சங்கம் தன் விதிமுறைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அதில் எழுதச் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம்மா" என்ற வாய்வார்த்தை அடுத்த பொதுக்குழு வரைக்கும்கூடத் தாங்காது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2021 ஜனவரியில் இருபது வயதுத் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். டி.டி.சி.யூ. என்ற சங்கத்தில் அந்தப் பெண் உறுப்பினர். பெண்கள், அதிலும் தலித் பெண்கள், முன்னின்று நடத்தும் சங்கம் அது. அவர்கள் விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது. ஆலை நிர்வாகம் கையெழுத்திட்டது; எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் கட்டுப்பட்டன. ஆலை மீறினால் பிராண்டுகள் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் பிடி. எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி: 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று லைனிலேயே கண்காணிப்பாளர்களைச் சங்கம் வைத்தது. டார்கெட் கேட்டுத் திட்டுவதோ கழிப்பறைக்கு விடாததோ, எதுவானாலும் பக்கத்து மிஷினில் இருக்கும் பெண்ணிடம் சொன்னால் போதும். முதல் ஓராண்டில் 185 புகார்கள் வந்தன, அநேகமாக எல்லாமே தீர்க்கப்பட்டன. ஓர் உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு என்பதை நினைக்கும்போது மனசு கனக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படியொரு விலை கொடுக்காமலே 25 பேருக்கு ஒருவரை நீங்களே இப்போதே தேர்ந்தெடுக்க முடியும்.

தனிச் சங்கம்

முடியும். பெண்களே நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெண் தொழிலாளர்கள் சங்கம், கர்நாடகத்தில் கார்மென்ட் லேபர் யூனியன். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும் என்றாலும், மொத்தத்தில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்களுக்கு 64. புதிய சட்டப்படி பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம் ஆவதற்கு 51 சதவீதம் வேண்டும், அதாவது 327 பேர். யாருக்கும் அது இல்லையென்றால், ஆளுக்கு 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாக உட்காரலாம், அதற்கு 128. இப்போது இருக்கும் 90 பேரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் மேசைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பதிவு கிடைப்பதும் சுலபமில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது.

அதனால் என் யோசனை, ஐம்பது அறுபது பெண்களாகச் சேர்ந்து ஒரே நாளில் இருக்கும் சங்கத்துக்குள் போங்கள். தனியாகப் போனால் அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். 480 பெண்களில் 327 பேர் சேர்ந்தாலே சங்கமே உங்களுடையது. ஒரு வருடம் பாருங்கள். கதவு திறக்கவில்லையென்றால் அப்புறம் தனிச் சங்கம் பற்றித் தாராளமாகப் பேசலாம், நானே விதிமுறை எழுதித் தருகிறேன்.

வேலை போகுமா?

போகாது என்று உறுதி சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். சங்கத்துக்காக நீக்குவது சட்டவிரோதம்தான். ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், அதுவரை அடுப்பு எரிய வேண்டும். ஆகவே முன்னெச்சரிக்கை முக்கியம். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் கம்பெனியின் ஆளா, கான்ட்ராக்டர் பெயரில் இருக்கிறீர்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பத்து வருடம் கழித்து இது தெரியவந்து அதிர்ந்துபோனவர்கள் உண்டு. சொல்லாமல் லீவு எடுக்காதீர்கள், நிர்வாகம் தேடுவது அப்படி ஒரு காரணத்தைத்தான். 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. மொத்தத்தில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து பேர். உங்கள் கம்பெனிக்கு ஆறேழு பேர் வரலாம். அந்தப் பட்டியலில் பெண்கள் பெயர் இருக்கிறதா என்று சங்கத்திடம் கேளுங்கள். அப்படியும் நீக்கினால் உடனே சமரச அலுவலரிடம் போங்கள். இரண்டு வருடம் தாண்டினால் அவர் எடுக்க முடியாது.

எல்லாரும் ஒருநாள் லீவு போடும் யோசனை வேண்டாம். முன்னே சொன்ன பாதகம் இதுதான். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்கிறது புதிய சட்டம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன் நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் சட்டவிரோதம்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும், நினைத்த நாளில் பூட்ட முடியாது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் விழுந்ததை அவரும் பார்த்திருப்பார். அதற்கு எந்தச் சங்கமும் காரணமில்லை. அப்படி வேலை குறையும் காலத்தில் யாரை நிறுத்துவது, பாக்கியை எப்படிக் கொடுப்பது என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் வேலையாக எதை எடுப்பது? சம்பள உயர்வை இப்போது தொடாதீர்கள். டோக்கனை எடுங்கள். அது எல்லாப் பெண்களுக்கும் பொது, செலவில்லாமல் தீர்க்கக் கூடியது, எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. குறைதீர்க்கும் குழுவுக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். முப்பது நாள் எண்ணுங்கள். மனுவின் அடியில் கையெழுத்துகளை வரிசையாக வாங்காமல் வட்டமாக வாங்குங்கள், யார் முதலில் போட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. முப்பது பேர் சேர்ந்ததும் கொடுத்துவிடலாம், எல்லாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.